புலவர் சிலைக்கு நாலு வரி

புலவர் ஐயாத்துரையின் சிலை வெள்ளிக்கிழமை பின்னேரப் படகில், இரண்டு எரிவாயுச் சிலிண்டருக்கும் ஒரு பெட்டி கோழிக்குஞ்சுக்கும் நடுவே, சாக்கால் சுற்றப்பட்டு நெடுந்தீவுக்கு வந்து சேர்ந்தது. மார்பளவுச் சிலைதான். ஆனாலும் இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. இறக்குதுறையில் வைத்துச் சாக்கை அவிழ்த்தபோது ஆறு பேரும் குனிந்து முகத்தைப் பார்த்தார்கள்.

"இது ஆர்?" என்று ஒருவர் கடைசியில் கேட்டார்.

"ஆர் எண்டால்? புலவர்தான்," என்றாள் பரிமளம்.

"புலவருக்கு இப்பிடி மூக்கு இல்லையே அக்கா."

"அடையாள அட்டைப் படத்தைப் பாத்துத்தான் செய்தது. உம்மட அட்டையில நீர் உம்மை மாதிரியே இருக்கிறீர்?"

ஆறு பேரும் சாக்கை மறுபடி சுற்றினார்கள். உண்மையைச் சொன்னால் அந்த முகம் புலவரைத் தவிர ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும். உருண்டை முகம், மேலே இழுத்த தலைமயிர், எதையோ மறந்துவிட்டு யோசிக்கிற பார்வை. ஆனால் பரிமளம் சொன்னால் சொன்னதுதான். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள். தபாலுக்கு முத்திரை குத்துவதைத்தான் விட்டாளே தவிர ஊர்க் காரியங்களுக்குக் குத்துவதை விடவில்லை. கோயில் திருவிழாவோ, தண்ணீர்த் தாங்கியோ, மாட்டு வைத்தியர் வரவோ, எதுவாக இருந்தாலும் "நான் பாக்கிறன்" என்று ஒரு வார்த்தை சொல்வாள். சொன்னபடி பார்த்தும் முடிப்பாள்.

இந்தச் சிலையும் அப்படித்தான். சனசமூக நிலையத்துக்கு அவள்தான் செயலாளர். கனடாவில் இருக்கிற ஊர்ச் சங்கத்துக்குக் கடிதம் எழுதியதும், சந்தியில் இடம் பிடித்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்று நாள் வைத்ததும் அவள்தான்.

ஐயாத்துரைப் புலவர் நாவல் எழுதியவர் அல்ல, நாடகம் போட்டவரும் அல்ல. அவர் எழுதியது கல்வெட்டு. கல்லில் வெட்டுகிற கல்வெட்டு இல்லை. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும்போது, படமும் வம்சாவளியும் நாலு வரிப் பாட்டுமாக அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். இருபது வருடமாக அந்தத் தீவில் புலவரின் பாட்டு இல்லாமல் ஒரு சீவனும் முறையாகச் சாகவில்லை. சைவக்காரரும் சரி, மாதா கோயில் வேதக்காரரும் சரி, அழுது முடிந்த கையோடு முதலில் ஆள் அனுப்பியது புலவர் வீட்டுக்குத்தான். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினபோது காணி உறுதிப் பத்திரத்தோடு சேர்த்துக் கல்வெட்டையும் சுற்றிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவருக்குச் சிலை வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது?

மறுநாள் சந்தியில் மனுவேல் முருகைக்கல்லை அடுக்கிப் பீடம் கட்டிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிய மனிதர். இளமையில் ஊர்காவற்றுறையில் ஓர் அச்சகத்தில் காலால் மிதிக்கிற இயந்திரம் ஓட்டியவர். அச்சகம் மூடியபிறகு மாடு வளர்த்தார், கேட்டால் மேசன் வேலையும் செய்தார்.

"தங்கச்சி, உம்மோட ஒரு கதை கிடக்கு," என்றார் கரண்டியைத் துடைத்தபடி.

"சீமெந்து காணாதோ?"

"சீமெந்து காணும். இது வேற..."

"அப்ப பேந்து கதைப்பம் அண்ணை. மூண்டு மணிக்குக் கூட்டம்."

பீடத்தில் பதிக்கிற கருங்கல் பலகையில் புலவரின் நாலு வரி வேண்டும். யாழ்ப்பாணத்தில் கல் வெட்டுகிற ரஜீபன், செவ்வாய்க்கிழமைக்குள் வரிகளை அனுப்பினால்தான் ஞாயிறு காலைப் படகில் பலகையை ஏற்ற முடியும் என்று சொல்லிவிட்டான். கூட்டத்தில் பேச வேண்டியது இந்த ஒரு விசயம்தான். அரை மணியில் முடித்துத் தேத்தண்ணி குடிக்கலாம் என்று பரிமளம் கணக்குப் போட்டிருந்தாள்.

"எந்தப் பாட்டைப் போடுவம்?" என்று கேட்டான் தலைவர் துஷ்யந்தன். பள்ளிக்கூட ஆசிரியன், எதையும் வாக்கெடுப்புக்கு விடுகிற பழக்கம் உள்ளவன்.

"என்ர மனிசனுக்கு எழுதினதைப் போடுங்கோ," என்றாள் நேசம்மா. "அதைப் போல ஒரு பாட்டுப் புலவர் பிறகு எழுதினதில்லை."

"என்ர மாமிக்கு எழுதினதை நீங்கள் வாசிக்கேல்லை, அதுதான் அப்பிடிச் சொல்லுறியள்," என்றாள் யோகம்மா.

அதற்கு மேல் ஒரே நேரத்தில் இருபது பேர் பேசினார்கள். எல்லோருக்கும் தங்கள் வீட்டுப் பாட்டுத்தான் உயர்ந்த பாட்டு.

பரிமளம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் உண்மையில் எது உயர்ந்த பாட்டு என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பா கதிரித்தம்பிக்கு எழுதியதுதான். அப்பா மனுவேல் வேலை செய்த அதே அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். திங்கட்கிழமை படகேறினால் சனிக்கிழமைதான் வீடு. விரல் நுனியெல்லாம் மை. அதிகம் பேசமாட்டார். எண்பத்தொன்பதில் அவர் போனபோது புலவர் எழுதிய நாலு வரியை ஒவ்வொரு திதிக்கும் அவள் படத்துக்கு முன்னால் நின்று சொல்வாள்:

கடலிடை சென்ற தோணி கரையினைத் தேடி மீளும்
உடலினைத் துறந்த எங்கள் கதிரித்தம்பி வருவதெப்போ
அடுக்கிய எழுத்துப் போல அருகினில் இருந்தோம் ஐயா
எடுத்ததோர் எழுத்தினாலே இல்லமே பொருளிழந்தோம்

மூன்றாம் வரிக்கு வரும்போது ஒவ்வொரு முறையும் அழுகை வந்துவிடும். எழுத்தை அடுக்கி அடுக்கியே சீவித்த மனிதனுக்கென்று, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி எழுதியிருக்கிறாரே புலவர் என்று. அப்பாவுக்கென்று காணி இல்லை, கடை இல்லை, ஒழுங்கான ஒரு படம்கூட இல்லை. இந்த நாலு வரிதான் இருந்தது.

"சத்தம் போடாதையுங்கோ," என்று எழும்பினாள். "எல்லாரும் உங்கட வீட்டுக் கல்வெட்டைக் கொண்டுவந்து என்னட்டத் தாங்கோ. நான் வாசிச்சு, திறமான பாட்டை நடுநிலையாத் தெரிவு செய்யிறன். நான் பாக்கிறன்."

நடுநிலை என்று சொன்னபோதே அப்பாவின் பாட்டைத்தான் போடுவது என்று அவள் மனதில் முடிவு எடுத்தாகிவிட்டது. ஒப்புக்காகத்தான் மற்றதையெல்லாம் வாசிப்பது.

ஞாயிறு மத்தியானத்துக்குள் நாற்பத்துமூன்று கல்வெட்டு வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேசையில் குவித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாவதைத் திறந்தாள். நேசம்மாவின் கணவர், எழுபத்தெட்டாம் ஆண்டு, கடற்தொழில்.

கடலிடை சென்ற தோணி...

பரிமளம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். தன் வீட்டுக் கல்வெட்டைத்தான் தவறுதலாக எடுத்துவிட்டேனோ என்று அட்டையைப் பார்த்தாள். இல்லை, நேசம்மாவின் கணவர்தான் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார். அடுத்ததைத் திறந்தாள். யோகம்மாவின் மாமி. கடலிடை சென்ற தோணி. அடுத்தது, பட்டியில் நூறு மாடு வைத்திருந்த ஒருவர். கடலிடை சென்ற தோணி. அடுக்கிய எழுத்துப் போல. மாட்டுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

நாற்பத்துமூன்றிலும் அதே நாலு வரி. பேர் மட்டும் வேறு. பெண்களுக்கு 'ஐயா' இருந்த இடத்தில் 'அம்மா' இருந்தது. அவ்வளவுதான். இவற்றில் ஆகப் பழையது எழுபத்தோராம் ஆண்டு. அதாவது அப்பா செத்ததற்குப் பதினெட்டு வருடம் முன்னால்.

இத்தனை வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். பரிமளமும் அதைத்தான் யோசித்தாள். யோசிக்க யோசிக்க விளங்கியது. அந்தியேட்டி வீட்டில் கல்வெட்டைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அட்டைப் படம். அடுத்தது வம்சாவளிப் பக்கம், தன் பேர் இருக்கிறதா, மனைவியின் பேர் விடுபடவில்லையா, தமையனுக்கு முன்னால் தம்பியைப் போட்டுவிட்டார்களா என்று. அதோடு புத்தகத்தை மடித்து விசிறிக்கொண்டு சாப்பாட்டுக்கு எழும்பிவிடுவார்கள். பாட்டை வாசிப்பது செத்தவருடைய வீட்டார் மட்டும்தான். தன் வீட்டுப் பாட்டைப் பாடமாக்குவார்கள். அடுத்த வீட்டுப் பாட்டை ஆர் தீண்டினார்கள்? அவளே தீண்டியதில்லை.

பரிமளத்துக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே வந்தது அழுகை. முப்பத்தைந்து வருடமாகப் படத்துக்கு முன்னால் நின்று சொன்னது அப்பாவின் பாட்டு இல்லை, பதினெட்டு வருடம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்த பாட்டு. ஆனால் அழுகைக்குக் கீழே அவளுக்குள்ளிருந்த தபால் அதிபர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். இது வெளியே தெரிந்தால் நாற்பத்துமூன்று வீட்டில் மறுபடி செத்தவீடு. வெளியே தெரியக்கூடாது. நாற்பத்துமூன்றையும் அள்ளி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சேலையில் முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை யோகம்மா வந்தாள்.

"பரிமளம், நாளைக்கு மாமியின்ர திதி. கல்வெட்டைத் தாரும், வாசிக்க வேணும்."

"ஆய்வு நடக்குது அக்கா."

"திதியை ஆய்வுக்காகத் தள்ளி வைக்க ஏலாது பிள்ளை."

வேறு வழியில்லை. யோகம்மா அலுமாரிக்குள் எட்டிப் பார்த்துவிடுவாளோ என்ற பயத்தில், கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, கையை விட்டு, தடவி எடுத்து, பழுப்புக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு யோகம்மா படலையைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பரிமளம்! மாமியின்ர பாட்டு எனக்குப் பாடம். சொல்லிக்கொண்டு போறன், நடுவில வேற ஆற்றையோ பேர் கிடக்கு!"

பரிமளம் கண் இமைக்கவில்லை. "அச்சுப் பிழை அக்கா. அந்தக் காலத்தில அப்பிடித்தான்."

"படமும் அச்சுப் பிழையோ? மாமிக்கு மீசை இருக்கேல்லை."

பரிமளம் மன்னிப்புக் கேட்டு, சரியான புத்தகத்தைத் தேடிக் கொடுத்து, மீசைக்காரரைத் திருப்பி வாங்கினாள். ஆனால் யோகம்மா மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய் வந்துவிட்டாள். பரிமளம் கல்வெட்டுக்களை வைத்து ஏதோ செய்கிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. தன் அப்பாவின் பாட்டைப் போடுவதற்காக மற்றவர்களுடைய பாட்டில் பேரை மாற்றிக் குழப்புகிறாளாம். சாயந்தரம் துஷ்யந்தன் அவசரக் கூட்டம் வைத்தான்.

"பிரச்சினையே வேண்டாம்," என்றாள் பரிமளம். "பாட்டுப் போடாமல் விடுவம். பேரும் பிறந்த திகதியும் இறந்த திகதியும் காணும்."

"பாட்டில்லாமப் புலவர் சிலையோ?" என்றான் துஷ்யந்தன். "அந்த முகத்துக்கு, பாட்டும் இல்லையெண்டால் வாறவை ஆரோ பழைய விதானையார் எண்டுதான் நினைப்பினம்."

எல்லோரும் சிரித்தார்கள். பரிமளத்துக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. பிடிக்காத இடத்தில்தான் மனிதருக்கு வாய் தன்பாட்டில் திறக்கும்.

"சரி, அப்ப சொல்லுறன். புலவர் எழுதின வெளிவராத பாட்டொண்டு என்னட்டக் கிடக்கு. ஆற்றை வீட்டுப் பாட்டும் இல்லை, ஊருக்குப் பொதுவானது. அதைப் போடுவம்."

பரிமளம் வெற்றியோடு கதிரையில் சாய்ந்தாள். இரண்டு விநாடிதான்.

"உம்மட்ட என்னெண்டு வந்தது?" என்று கேட்டாள் நேசம்மா.

"தபால் கந்தோரில வைச்சுப் புலவர் தந்தவர்."

"ஏன் உமக்கு மட்டும் தந்தவர்? அவரும் கலியாணம் கட்டாத மனிசன், நீரும் கட்டேல்லை..."

"எனக்கும் அவருக்கும் முப்பது வயது வித்தியாசம் நேசம்மா அக்கா!"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே," என்றாள் நேசம்மா, எல்லாவற்றையும் சொல்லி முடித்த திருப்தியோடு.

வீட்டுக்கு வரும் வழியில் மனுவேல் பீடத்தின் மேல் நின்றுகொண்டு, "தங்கச்சி, அந்தக் கதை..." என்றார்.

"பீடம் உயரம் சரி அண்ணை, அப்பிடியே விடுங்கோ," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இப்போது வெளிவராத பாட்டை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு முதலில் அதை எழுத வேண்டும். ரஜீபன் தொலைபேசியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். பரிமளம் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தாள். எதுகை மோனை பார்ப்பதற்காக அப்பாவின் கல்வெட்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டாள். ஆனால் முப்பத்திரண்டு வருடம் தந்தி எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு போவது போலச் சிக்கனமாக எழுதியது:

புலவர் நெடுந்தீவில் பிறந்தார்
இருபது ஆண்டு பாடினார்
புகழுடன் மறைந்தார்
ஊரார் வருந்துகிறோம்

வாசித்துப் பார்த்தாள். கவிதைதான் என்று தனக்குத் தானே உறுதியாகச் சொன்னாள். கடல் காற்று ஜன்னலால் வந்து தாளைத் தூக்கியது. திறந்திருந்த கல்வெட்டின் மேற்பாதியில் தாளை வைத்து, அதன் கீழோரத்தைப் பெருவிரலால் அமத்திப் பிடித்து, கைத்தொலைபேசியால் படம் எடுத்து ரஜீபனுக்கு அனுப்பினாள்.

புதன்கிழமை அவள் பந்தல்காரரோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தபோது ரஜீபனிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, பேர் வாற இடத்தில உங்கட விரல் மறைக்குது. புலவற்ற பேர்தானே போடுறது?"

இதென்ன கேள்வி, புலவர் சிலைக்கு வேறு ஆருடைய பேரைப் போடுவது? "ஓம், பெரிசாப் போடும்," என்று அனுப்பிவிட்டுப் பந்தல்காரரிடம் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று. குறிகட்டுவானிலிருந்து வர வேண்டிய படகு ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தது. பலகையும் விழாத் தலைவரும் ஒரே படகில் வந்தார்கள். தலைவர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி; கடல் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் சத்தியெடுத்து, புலவரைவிடக் கூடுதலாகச் செத்துப்போய் இருந்தார். நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கிவிட்டது. மனுவேல் துணியால் மூடிய சிலைக்குக் கீழே, துணிக்குள் தலையை விட்டபடி, பலகையை நாலு ஆணியால் பொருத்தினார். பொருத்திவிட்டுத் தலையை வெளியே எடுத்தவர் முகத்தில் ஏதோ ஒரு மாதிரி.

"தங்கச்சி, கல்லில..."

"வெடிப்போ?"

"வெடிப்பில்லை, ஆனா..."

"நேரா நிக்குதோ? அப்ப காணும், தள்ளுங்கோ அண்ணை."

கல்வி அதிகாரி ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மறு கையால் துணியை இழுத்தார். கைதட்டினார்கள். பின்பு எல்லோரும் பலகையை வாசிக்கக் கிட்ட வந்தார்கள்.

கைதட்டல் நின்றது. "என்ர மனிசன்ர பாட்டு!" என்று நேசம்மாவின் குரல் வெடித்தது. ஓடிவந்து பரிமளத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். "பிள்ளை, உம்மைப் பற்றி ஊரெல்லாம் என்னென்னவோ கதைச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும். என்ர மனிசன்ர பாட்டை எல்லே போட்டிருக்கிறீர்!"

பரிமளம் பலகையைப் பார்த்தாள். கடலிடை சென்ற தோணி. பளபளவென்று கருங்கல்லில். இரண்டாம் வரியில், பெரிய எழுத்தில், எங்கள் ஐயாத்துரை வருவதெப்போ. அவள் எழுதியதில் ஒரு சொல்லும் கல்லில் இல்லை.

மறுபக்கத்தில் யோகம்மாவும் கண்ணைத் துடைத்தாள். "மாமி, உங்கட பாட்டைக் கல்லில வெட்டியிருக்கினம் பாருங்கோ." பின்னால் ஒரு கிழவர் தலையை ஆட்டி ஆட்டி, "அண்ணற்ற பாட்டு, அண்ணற்ற பாட்டு," என்றார். ஒரு நிமிடம், சரியாக ஒரே ஒரு நிமிடம், நாற்பத்துமூன்று குடும்பமும் சந்தியில் நின்று சந்தோசத்தில் அழுதது. அந்தத் தீவில் ஒரு விழாவுக்கு அப்படி ஒரு ஒற்றுமை வந்ததே இல்லை.

பிறகு நேசம்மா யோகம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கட மாமியின்ர பாட்டோ?"

"பின்னை? உங்கட மனிசன்ர பாட்டோ?"

இரண்டு பேரும் பாடிக் காட்டினார்கள். நடுவில் பேர் வருகிற இடத்தில் மட்டும் குரல் இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. மூன்றாமவர் பாடினார். நாலாமவர் பாட வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

துஷ்யந்தன் மெதுவாகத் திரும்பினான். "அக்கா, வெளிவராத பாட்டெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

பரிமளம் ரஜீபனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "நான் கையால எழுதி அனுப்பினது எங்க தம்பி?"

"அது புலவரைப் பற்றி எனக்குத் தந்த குறிப்பெண்டெல்லோ நினைச்சனான் அக்கா," என்றான் ரஜீபன். "கீழ அச்சில கிடந்ததுதான் பாட்டெண்டு வெட்டினனான். நல்ல பாட்டக்கா."

இனி மறைக்க ஒன்றும் இல்லை. பரிமளம் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பத்துமூன்று கல்வெட்டு, நாலே நாலு வரி, பேர் மட்டும் மாற்றம். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. கேட்டு முடித்ததும் கொதித்தது.

"ஒரு பாட்டை வைச்சு ஊரையே ஏமாத்தியிருக்கிறான் மனிசன்!"

"இவருக்கொரு சிலையோ? கழட்டுங்கோ!"

"மனுவேல் அண்ணை, அலவாங்கை எடுங்கோ!"

கல்வி அதிகாரி அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்.

பரிமளம் பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். இந்த முறை "நான் பாக்கிறன்" என்று அவள் சொல்லவில்லை.

"கழட்டுறதெண்டால் கழட்டுங்கோ. எனக்கும் கோவம்தான்," என்றாள். "உங்கள் எல்லாருக்கும் வேற ஏதும் மிச்சம் கிடக்கு. அப்பாவுக்கெண்டு என்னட்ட இருந்தது இந்த நாலு வரிதான். எழுத்துக் கோத்த மனிசனெண்டபடியால்தான் புலவர் இப்பிடி எழுதினவர் எண்டு முப்பத்தைஞ்சு வருசமா நம்பி அழுதனான். கடைசியில அப்பாவுக்கெண்டு எழுதின ஒரு சொல்லும் இல்லாமல் போச்சு."

முன்னால் நின்றவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். நேசம்மாகூட.

மனுவேல் இரும்பு அலவாங்கோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பீடத்தடிக்கு வந்ததும் அலவாங்கைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"ஒன்பது நாளா உம்மட்ட ஒரு கதை கிடக்கு, கிடக்கு எண்டு திரியிறன். நீர் சீமெந்துக் கணக்கெல்லோ கேட்டனீர்," என்றார். "புலவர் ஒருநாளும் நேரத்துக்குப் பாட்டுத் தந்ததில்லைத் தங்கச்சி. நாளைக்கு அந்தியேட்டி எண்டால் இண்டைக்குப் பொழுதுபடவும் பாட்டுப் பக்கம் வெறுமையாக் கிடக்கும். எழுபத்தோராம் ஆண்டு அப்பிடி ஒருநாள், செத்தவீட்டுக்காரர் வாசல்ல வந்து நிக்கினம், உம்மட கொப்பர் எழுத்துப் பெட்டிக்கு முன்னால நிண்டு, தாளில ஒரு சொல்லும் எழுதாமல், நேர ஈய எழுத்தை எடுத்து இந்த நாலு வரியையும் அடுக்கினவர். நான்தான் இயந்திரம் மிதிச்சனான். அடுத்த நாள் புலவர் வந்து வாசிச்சுப் பாத்துப்போட்டு, 'நல்லாத்தான் எழுதியிருக்கிறன்' எண்டவர்."

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"கொப்பர் அதைப் பிரிச்சுத் திரும்ப எழுத்துப் பெட்டியில போடேல்லை. நூலால கட்டித் தட்டில வைச்சவர். பிறகு ஆர் செத்தாலும் அதைத்தான் எடுத்தனாங்கள். கடைசியா அதில கொப்பற்ற பேரைக் கோத்தது நான்."

பரிமளம் பலகையின் மூன்றாம் வரியைப் பார்த்தபடி நின்றாள். அடுக்கிய எழுத்துப் போல. எழுத்து அடுக்குகிறவனைத் தவிர வேறு ஆருக்கு அது தோன்றியிருக்கும்? முப்பத்தைந்து வருட அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது, ஆனால் அது வேறு மாதிரியான அழுகை.

துஷ்யந்தன் சிலையைக் காட்டினான். "அப்ப... இந்தச் சிலையை என்ன செய்யிறது?"

மனுவேல் நிமிர்ந்து அந்த உருண்டை முகத்தை, ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்துகிற அந்த முகத்தை, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது அப்பிடியே நிக்கட்டும்," என்றார். "பேரை மட்டும் மாத்தி விடுங்கோ. நாங்கள் இருவது வருசமா அப்பிடித்தானே செய்தனாங்கள்."